பின்பக்கமாக நுழைந்தவள்

9.10.2006, திங்கள்

மூன்றாம் பிரிவேளையில் சுற்றறிக்கை வந்தது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை வீட்டு வேலைக்கோ டீக்கடை, ஓட்டல் வேலைக்கோ வைப்பது நாளையிலிருந்து குற்றம். ஆசிரியர்கள் எல்லோரும் ‘என் வீட்டில் அவ்வாறு எவரும் பணியில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம்.

தேவயானி டீச்சர் சிரித்தாள். “எங்க வூட்ல பதினாலு வயசுக்குள்ள இருக்கறது எம் பையன் ஒருத்தன்தான். அவன் எங்க வேல செய்யறான்?” எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

தாள் என்னிடம் வந்தபோது பேனா ஓடவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் கலியம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘வீட்டில்’, ‘பணியில் இல்லை’ என்ற இதே சொற்கள் இருந்த இன்னொரு தாளின் கீழேயும் இதற்கு முன்பு இதே கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். தொண்ணூற்றி ஏழில். அது பொய்.

பரிமளா இராமலிங்கம். அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே கையெழுத்து. ‘ளா’தான் கொஞ்சம் கோணிவிட்டது.

11.10.2006

காலையில் கொல்லைப்பக்கம் யாரோ ‘அம்மா’ என்று கூப்பிட்டது போலிருந்தது. கலியம்மாள் அதற்கு முன்பே வந்து கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. டீச்சரம்மா என்பாள்.

2.11.2006, வியாழன்

கலியம்மாளுக்குச் சிக்குன்குனியா. ஊரில் பாதிப் பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். நான்கு நாட்களாக வரவில்லை. பாத்திரம் நான்தான் கழுவுகிறேன்.

குழாயைத் தொடுவதற்கு முன் விரலின் பின்புறத்தால் ஒரு முறை தட்டிப் பார்க்கிறேன். ஒன்பது வருடப் பழக்கம். இந்த வீட்டுக் குழாய் பிளாஸ்டிக், மோட்டார் மாடியில் இருக்கிறது, வயரிங் எல்லாம் புதிது. எல்லாம் தெரியும். ஆனாலும் தட்டுகிறேன். இவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏன் தட்டுகிறாய் என்று ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. கேட்டால் அவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

24.11.2006, வெள்ளி

பத்தாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம். ஒவ்வொரு வருடமும் இந்த ஒரு பாடத்தை மட்டும் தேவயானியிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு அவளுடைய உயிரியல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வேன். இந்த வருடம் அவளுக்குத் தன் பாடங்களை முடிக்கவே நேரமில்லை. நானே எடுத்தேன்.

மூன்று கம்பிகளை வரைந்தேன். பச்சைக் கம்பி வந்ததும் இரண்டே வரியில் முடித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகப் பார்த்தேன். இரண்டாவது பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

“டீச்சர், எர்த் வயர் இல்லன்னா என்னாகும்?”

என்னாகும்? மோட்டாரின் உடம்புக்குக் கரண்ட் வரும். அதோடு சேர்ந்த இரும்புக் குழாய்க்கு வரும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒருத்தி குழாயைத் திறப்பாள். திறந்த கையை அவளால் எடுக்க முடியாது.

“உயிருக்கு ஆபத்து. அடுத்த கேள்வி” என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

17.12.2006, ஞாயிறு

பாலாஜி திருச்சியிலிருந்து வந்து போனான். வேலை நிரந்தரமாகிவிட்டதாம். இவர் பையனை உட்காரவைத்து அரைமணி நேரம் புத்திமதி சொன்னார். எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்றார். நான் சமையலறையில் இருந்தேன். நான் படித்துப் பார்த்துத்தான் போட்டேன். அதுதானே விஷயம்.

12.2.2007, திங்கள்

கலியம்மாள் ஒரு படிவத்தோடு வந்தாள். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் நல வாரியம் வந்திருக்கிறதாம். பெயரைப் பதிந்துகொண்டால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி உண்டு, விபத்து நடந்தால் குடும்பத்துக்கு ஏதோ கிடைக்கும். அவள் தெருவில் ஆறு பெண்கள் வாங்கி வந்திருக்கிறார்கள். இன்னாருடைய வீட்டில் இன்ன தேதியிலிருந்து வேலை செய்கிறார் என்று வேலை தருகிறவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

“ஒங்க கையெழுத்து ஒண்ணுதான் டீச்சரம்மா. பொறவு நானே ஆபீசுல கொண்டு குடுத்துக்கறேன்.”

போடலாம். பேனா மேசையில்தான் இருந்தது. “சாரைக் கேட்டுட்டு நாளைக்குத் தரேன்” என்றேன். இருபத்தி ஏழு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன், ஒரு கையெழுத்துக்கு அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

13.2.2007

கேட்டேன். “போடாத” என்றார். “அவ நம்மகிட்ட வேல பாக்கறான்னு நம்ம கையாலயே எழுதிக் குடுப்பியா? நாளைக்கு வழுக்கி வுழுந்தா நம்ம தலையிலதான் விடியும். பட்டும் புத்தி வரலையா ஒனக்கு?”

பட்டது யார்? நாமா?

18.2.2007, ஞாயிறு

படிவம் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. கலியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. துணியை அலசிக்கொண்டே தானாகப் பேசினாள். அவள் பிறந்த ஊர் எறையூருக்குப் பக்கம். எனக்கு இதுவரை தெரியாது. மூன்று வருடமாக வருகிறவளிடம் எந்த ஊர் என்று கேட்டதில்லை.

“நாங்க ஏன் இந்தக் காயிதத்துக்கு அலையறோம்னா, எழுத்துல ஒண்ணு இருக்கணும் டீச்சரம்மா. எறையூர்ல எங்க ஒறமொறயில ஒருத்தி, இருசம்மான்னு பேரு. பெரம்பலூர்ல யாரோ வூட்டுல கரண்டு அடிச்சு செத்துப்போனா. வேலைக்குத்தான் போனா. வூட்டுக்காரங்க, எங்க வூட்டுல அவ வேலையே பாக்கல, கொல்லப்பக்கமா திருட வந்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கையில கொடம் வேற இருந்துச்சாம். அவ பொண்ணு வெற்றிச்செல்விக்கு இப்ப இருவது வயசு. ரெண்டு எடம் பேசி தட்டிப்போச்சு. திருடப் போயி செத்தவ மவளத்தான் கட்டணுமான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

நான் என்ன சொன்னேன்? “அப்படியா” என்றேன். கடவுளே. அப்படியா என்று சொன்னேன்.

20.2.2007, செவ்வாய்

பள்ளிக்குப் போகவில்லை. இவர் பென்ஷன் வேலையாக வெளியே போயிருக்கிறார். இதுவரை எந்த நோட்டிலும் எழுதாததை இன்று எழுதிவிடுகிறேன்.

1997 ஜூன் 18, புதன்கிழமை. அப்போது பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தண்ணீர்ப் பஞ்சம். கொல்லையில் இருந்த போர்வெல்லுக்கு இவரே ஒரு மோட்டாரை வாங்கிப் போட்டார். சமையலறை ஜன்னல் வழியாக வயரை இழுத்து, இரண்டு முள் பிளக்கில் செருகினார். எர்த் கிடையாது. ஆள் வைத்துச் செய்யலாம் என்றேன். இதுக்கு ஒரு ஆளா என்றார்.

இருசம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. முப்பது வயதிருக்கும். கொல்லைக் கதவு வழியாக வந்து கொல்லைக் கதவு வழியாகப் போவாள். அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனி. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் முதல் வாரத்திலேயே அவள் சொன்னாள். “கொழாயத் தொட்டா சுர்ருங்குதும்மா.” நான் விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்த்தேன். சுர்ரென்றது. அறிவியல் டீச்சர் நான். என்னவென்று அந்தக் கணமே தெரிந்தது. இவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார். அந்த ஞாயிறு போனது. அடுத்த ஞாயிறும் போனது. நான் மறுபடி சொல்லவில்லை. அவளிடம் மட்டும் “ஈரக் கையோட தொடாத” என்றேன். பாத்திரம் கழுவுகிறவளிடம்.

புதன்கிழமை காலை குடிதண்ணீர் பிடிக்கச் சொல்லி எவர்சில்வர் குடத்தை நான்தான் அவள் கையில் கொடுத்தேன். தலை வாரிக்கொண்டிருந்தேன். குடம் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தம் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடினேன். அதற்குள்—

போலீஸ் வருவதற்கு முன் இவர் என்னை அறைக்குள் அழைத்துப் போனார். அவருக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வருகிற சமயம். “அலட்சியத்தால சாவுன்னு கேஸ் போடுவாங்க. வேல போயிரும். பாலாஜிக்குப் பன்னெண்டு வயசு” என்றார். அவர் எழுதினார். ‘மேற்படி பெண் எங்கள் வீட்டில் பணியில் இல்லை. எங்களுக்குத் தெரியாமல் பின்பக்கமாக நுழைந்திருக்கிறார்.’ விசாரிக்க வந்த போலீஸ்காரர், அவள் கையில் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். இவர் கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எங்க கொடம் ஒண்ணு” என்றார்.

அதையும் எழுதிக்கொண்டார்கள். நான் படித்துப் பார்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே மோட்டாரை விற்றுவிட்டார். நான்காவது மாதம் வீடு மாறினோம். அந்தத் தெருவுக்குள் நான் பிறகு போனதில்லை. கடைவீதிக்குப் போவதானால் கூட சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

இத்தனை வருடமும் அவள் என்னைத்தான் துரத்துகிறாள், அதைத் தாங்கிக்கொள்வதுதான் எனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு பெண் இருந்தாளே. ஒரு தடவை கூட்டி வந்திருந்தாள். படியில் உட்கார்ந்து பாலாஜியின் பழைய வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டிருந்தது. அது எங்கே போயிற்று என்று நான் நினைத்தே பார்க்கவில்லையா?

நினைத்தேன். நினைத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். உண்மையை எழுதுவதென்றால் அதுதான்.

3.3.2007, சனி

அரியலூருக்குப் போனேன். இவரிடம் கல்யாண விசாரிப்பு என்று சொன்னேன். பெரம்பலூர் வக்கீல்கள் எல்லோரும் இவருக்குத் தெரிந்தவர்கள்.

வக்கீல் பஞ்சநாதன் வயதானவர். ஒரு சிநேகிதிக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

“உங்க சிநேகிதி என்ன நெனக்கிறாங்க? ஜெயிலுக்குப் போகணும்னா?”

“உண்மையச் சொன்னா என்ன ஆகும்னு கேக்கறாங்க.”

“ஒண்ணும் ஆகாதும்மா. அலட்சியத்தால சாவுக்குத் தண்டனை ரெண்டு வருஷம் வரைக்கும்தான். அந்த மாதிரி கேசுக்கு மூணு வருஷக் கெடு. அது போயி ஏழு வருஷம் ஆச்சு. இனிமே கோர்ட்டு எடுத்துக்காது. எழுதிக் குடுத்தா வாங்கி ஃபைல்ல வச்சுப்பாங்க. அவ்வளவுதான்.”

நான் எழுந்திருக்கவில்லை. கேசு வரும் என்று எத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தேன்! யாரும் என்னைப் பிடிக்க மாட்டார்கள். யாரும் விடவும் மாட்டார்கள்.

கிளம்பும்போது சொன்னார். “சட்டத்துக்குக் கெடு முடிஞ்சுபோச்சு. அந்தக் குடும்பத்துக்கு முடிஞ்சுபோச்சான்னு உங்க சிநேகிதி போயிதான் பாக்கணும்.”

4.3.2007, ஞாயிறு

கலியம்மாளை உட்காரச் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்தாள், நானும் தரையில் உட்கார்ந்தேன். “எறையூர் இருசம்மா வேல பாத்தது எங்க வீட்டுலதான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்.

முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். தரையில் ஒரு பருக்கை கிடந்தது, அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்த ஃபாரத்தைக் குடுத்துருங்க” என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். பணியில் சேர்ந்த தேதி, வேலை நேரம், எங்கள் வீட்டு விலாசம் எல்லாம் எழுதினேன். வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நாளைக்கு வருவாளா என்று கேட்க வாய் வரவில்லை.

5.3.2007

வந்தாள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து, அதோடேயே நின்று பாத்திரம் கழுவினாள்.

17.3.2007, சனி

எறையூர். ஆலை ஓடுகிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாகு காய்கிற வாசம். கலியம்மாள் வழி சொல்லியிருந்தாள், கூட வரவில்லை. “நீங்களே போயிட்டு வாங்க” என்றாள்.

இருசம்மாளின் தங்கை சிந்தாமணியின் வீடு. உள்ளே ஒரு பெண் தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தது. யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே நெற்றி.

“நான் பரிமளா. பெரம்பலூர்ல டீச்சரா இருக்கேன். உங்கம்மா எங்க வீட்டுலதான் வேல பாத்தாங்க.”

மெஷின் நின்றது.

“வேல பாத்தாங்களா?”

“ஆமாம். ரெண்டு வருஷம் நாலு மாசம்.”

“சித்தி, கேட்டியா? வேல பாத்தாங்களாம்.”

சிந்தாமணி அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். “நாங்க அன்னிக்கே மாருல அடிச்சிக்கிட்டு சொன்னோம். காயிதத்தக் காட்டுனாங்க. ரெண்டு கையெழுத்து இருந்துச்சு. ஒண்ணு ஒன்னுதா?”

“என்னுதுதான்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நேற்று முழுவதும் உட்கார்ந்து எழுதியது. இருசம்மாள் எங்கள் வீட்டில் வேலை செய்தார், தண்ணீர் பிடிக்கச் சொன்னது நான், குழாயில் கரண்ட் வருவது எங்களுக்கு முன்பே தெரியும், நாங்கள் எழுதிக் கொடுத்தது பொய். இன்னொரு பிரதியைப் பதிவுத் தபாலில் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டேன் என்றும் சொன்னேன். வெற்றிச்செல்வி படித்தாள். திரும்ப என் கையிலேயே வைத்தாள்.

“காயிதத்துலதானே எங்கம்மாவ திருடி ஆக்குனீங்க. இன்னொரு காயிதம் எதுக்கு? ஒரு எடம் வந்திருக்கு. ஜெயங்கொண்டம் பக்கம். பங்குனி கடைசியில ஒரு ஞாயித்துக்கெழம வராங்க, அவங்க காதுக்கும் சேதி போயிருச்சு. முடிவு சொல்லத்தான் வராங்க. நீங்க வந்து, எல்லார் முன்னாடியும் வாயால சொல்லுங்க.”

“வரேன்.”

“வரமாட்டீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

18.3.2007

இவரிடம் சொல்லிவிட்டேன். ஸ்டேஷனுக்கு அனுப்பிய கடிதத்தையும் சேர்த்து.

முதலில் கத்தினார். பிறகு குரல் இறங்கியது. “நான் குடும்பத்தக் காப்பாத்துனேன் பரிமளா. அதுக்கு நீ குடுக்கற மரியாத இது.”

“காப்பாத்துனீங்க. இல்லன்னு சொல்லல. யார வச்சுக் காப்பாத்துனீங்கன்னுதான் சொல்லப் போறேன்.”

“என் பேர அங்க எடுக்கக் கூடாது.”

“உங்க பேரச் சொல்லாம எப்படிச் சொல்றது?”

சாயங்காலம் திருச்சிக்குக் கிளம்பிவிட்டார். பாலாஜியிடம் கொஞ்ச நாள் இருக்கிறாராம். பை தைத்த இடத்தில் பிரிந்திருந்தது. ஊசி நூல் எடுத்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். முப்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்கிறது.

24.3.2007

ஸ்டேஷனுக்கு அனுப்பியதற்கு அத்தாட்சி அட்டை வந்தது. ஒரு முத்திரையும் யாருடையதோ கிறுக்கலும். வேறு எதுவும் இல்லை.

பாலாஜி போனில் பேசினான். “எனக்கு அன்னிக்கே தெரியும்மா. ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தேன்” என்றான். பத்து வருடமாக அவனும் எங்களிடம் கேட்கவில்லை.

1.4.2007, ஞாயிறு

பஸ்ஸை விட்டு இறங்கி இப்போதுதான் வந்தேன். இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

போனேன். வாசலில் கீற்றுப் பந்தல். பத்துப் பன்னிரண்டு பேர். மாப்பிள்ளை கலைச்செல்வன் மினி பஸ் ஓட்டுகிறான். அவன் அம்மா பெரியம்மாள் முந்திரிக் காட்டில் வேலை செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள் என்று சிந்தாமணி சொன்னாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் போட்டார்கள். நான் உட்காரவில்லை. வெற்றிச்செல்வி வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் பாவாடை விளிம்பு தெரிந்தது.

இருபத்தி ஏழு வருடம் வகுப்பில் நின்று பேசியிருக்கிறேன். ஆனாலும் முதல் வாக்கியத்தை இரண்டு தடவை ஆரம்பித்தேன். பிறகு சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. “கொடம் எங்களுதுதான். நான்தான் கையில குடுத்தேன். அவ திருடல. அவ எங்க வீட்டுல ஒரு குண்டூசி கூட எடுத்ததில்ல. திருடினது நாங்க. அவ பேர.”

யாரோ, “இவளத் தூக்கி உள்ள போடணும்” என்றார்கள். ஒரு கிழவர் எழுந்து வெளியே போய்விட்டார். பெரியம்மாள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பத்து வருஷம் ஏன் சொல்லல?”

“பயம்.”

“இப்ப பயம் போயிருச்சா?”

“இல்ல.”

“பொறவு ஏன் வந்த?”

“இந்தப் பொண்ணுக்கு ரெண்டு எடம் தட்டிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். அதுவரைக்கும் அந்தச் சாவு எனக்கு மட்டும்தான் பாரம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

பெரியம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். கலைச்செல்வன் கேட்டான். “கொழாயில கரண்டு வருதுன்னு அவங்க சொன்னதுக்கப்புறம் எத்தன நாளுங்க?”

“பதினாறு நாள்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் டிரைவர். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்த வண்டியைப் பதினாறு நாள் ரோட்டில் விடுவதைப் போல அவனுக்குப் பட்டிருக்கும். எனக்கு அப்படித்தான் பட்டது.

அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள நிற்கவில்லை. நிற்க எனக்கு என்ன உரிமை? தெருமுனை வரை வந்த பிறகு பின்னால் நடை கேட்டது. வெற்றிச்செல்வி. முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது. மன்னித்தேன் என்றோ, நாசமாகப் போ என்றோ சொல்வாள் என்று நின்றேன்.

“நாலே காலுக்கு ஒரு பஸ்ஸு வரும். அத வுட்டா ஆறு மணிதான்” என்றாள்.

3.4.2007

தூங்கினேன். எழுந்தால் வெயில் வந்திருந்தது.

15.4.2007

கலியம்மாளுக்கு வாரியத்தில் பதிவு எண் வந்துவிட்டது. அட்டையைக் காட்டினாள். போட்டோவில் வேறு யாரோ போல முறைத்துக்கொண்டிருக்கிறாள். “வேல தர்றவங்க பேரு போட்டிருக்கு பாருங்க” என்று என் பெயரின் மேல் விரலை வைத்தாள். எறையூரில் என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இவர் இன்னும் வரவில்லை. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறார். மருந்து, கரண்ட் பில், வெயில். அதைத் தாண்டிப் போவதில்லை.

20.5.2007, ஞாயிறு

காலை பதினோரு மணிக்கு முன்கதவைத் தட்டினார்கள். வெற்றிச்செல்வி. தனியாக வந்திருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, மருதாணி இன்னும் முழுதாக மங்கவில்லை. எனக்குப் பத்திரிகை வரவில்லை. வரவும் கூடாது.

உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. “அந்த எடத்தப் பாக்கணும்” என்றாள்.

பத்து வருடம் கழித்து அந்தத் தெருவுக்குள் போனேன். அவள் பின்னால் நடந்து வந்தாள். வீட்டுக்கு வேறு வர்ணம் அடித்திருந்தார்கள். இப்போது இருப்பது ஒரு பாங்க் குடும்பம். முன்பு இங்கே குடியிருந்தேன், கொல்லையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். கதவைத் திறந்த சின்ன வயசுப் பெண் ஒன்றும் கேட்காமல் நடுக்கூடம் வழியாக அழைத்துப் போனாள்.

போர் இல்லை. மூடிவிட்டிருந்தார்கள். குழாய் இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு, துவைக்கிற கல் ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு அம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பாத்திரங்களை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

“எங்க?” என்றாள் வெற்றிச்செல்வி.

காட்டினேன்.

“தல எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“கெழக்க.”

“சாப்பிட்டிருந்தாங்களா?”

“இல்ல. எடுத்து வச்சிருந்தேன். முடிச்சுட்டு வரேன்னு சொன்னாங்க.”

அவள் அந்தச் சிமெண்ட் தரையில், ஈரத்தைப் பார்க்காமல், புதுச் சேலையோடு உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

பாத்திரம் தேய்த்த அம்மாள்தான் கேட்டாள். “யாரு தாயி நீ? இங்க வந்து இப்படி உக்காந்திருக்க?”

வெற்றிச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்த வூட்டுல வேல பாத்தவங்க பொண்ணு” என்றாள்.

அந்த அம்மாள் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.